போகும் நீருக்கு ஒரு பெயர்

தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் நெல்லை, தென்காசிப் பகுதி நாளிதழ்களில் ஒரு சிறு பட்டியல் அன்றாடம் இடம்பெறத் தொடங்கும். கடனா அணை 85 அடி, ராமநதி 84 அடி, கருப்பாநதி 72 அடி, குண்டாறு 36.10 அடி, அடவிநயினார் 132.22 அடி என்று ஒவ்வோர் அணையின் முழு உயரமும், அதற்கெதிரே அன்று காலையின் நீர்மட்டமும், வினாடிக்கு இத்தனை கன அடி வரத்து என்ற கணக்கும் அதில் இருக்கும். இந்தப் பக்கத்து மனிதர்கள் தலையங்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். இந்தப் பட்டியலைத் தாண்டிப் போகமாட்டார்கள். இருப்பதில் மிகச் சிறியதான குண்டாறு நிரம்பி வழிகிறது என்ற செய்தி, ஏதோ வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டதைப்போலத் தேநீர்க் கடைகளில் பேசப்படும்.

வரும் நீரை இப்படி அடிக்கணக்கில் பின்தொடரும் ஒரு நிலப்பகுதி, அதே நீர் வீடுகளுக்குள் புகுந்து வெளியேறிய பிறகு எங்கே போகிறது என்பதற்கு ஒரு வரிக் கணக்கும் வைத்துக்கொள்வதில்லை. கடையநல்லூரை முன்வைத்து இதைப் பேச விரும்புகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் சாக்கடைக்கு என்ன வேலை என்று கேட்கக்கூடிய நண்பர்கள் நமக்கு உண்டு. குற்றாலத்தின் அருவிக்கரையில் கவிதை பேசுவதற்கு நாற்பது ஆண்டுகளாகக் கூடிவருகிற நாம், அந்த மலையிலிருந்தே இறங்கும் நீர் அருவியைத் தாண்டியபின் என்னவாகிறது என்று ஒருமுறையும் கேட்டதில்லை என்பதே அவர்களுக்கு நம் பதில்.

கருப்பாநதியின் நீரைப் பிரித்துக் கொண்டுபோகும் கால்களுக்கெல்லாம் பெயர் உண்டு. பெருங்கால், பாப்பான்கால், சீவலன்கால், ஊர்மேலழகியான்கால் என்று நீளும் அந்த வரிசையைப் படித்தாலே ஒரு சமூக வரலாறு கிடைத்துவிடும். குளங்களுக்குப் பெயர் உண்டு, மடைகளுக்குப் பெயர் உண்டு, மறுகால் பாயும் இடத்துக்கும் பெயர் உண்டு. தெருவோரத்தில் ஓடும் கால்வாய்க்கு மட்டும் எந்தப் பெயரும் கிடையாது. ஆனால் பொதுச்சொல் ஒன்று இருக்கிறது, அது அருமையான சொல்: வாறுகால். நெல்லைச் சீமையில் சாக்கடையை இப்படித்தான் சொல்வார்கள். வயலுக்குப் போனால் வாய்க்கால், வீட்டிலிருந்து புறப்பட்டால் வாறுகால். இரண்டிலும் இருப்பது ஒரே ‘கால்’தான். இந்தச் சொல்லை வழங்கியவர்களுக்குப் போகும் நீரும் நீராகவே பட்டிருக்க வேண்டும். பழைய இலக்கியத்திலும் இதற்குப் பஞ்சமில்லை. பரிபாடலிலும் மணிமேகலையிலும் ‘சுருங்கை’ என்ற சொல் நிலத்தடி நீர்வழியைக் குறித்து வருகிறது. வள்ளுவர் ‘அங்கணம்’ என்கிறார். அவருக்கு அது அமிழ்தைக் கொட்டக் கூடாத இடம். கீழடியில் கிடைத்த சுடுமண் குழாய்களைப் பார்த்துப் பெருமிதம் கொண்டவர்கள் நம்மில் பலர். பிற்காலத்தில் என்ன நேர்ந்ததோ, கழிப்பிடத்துக்குரிய சொல்லையே டச்சுக்காரர்களிடம் கடன் வாங்கி ‘கக்கூஸ்’ என்றோம். அந்தச் சொல்லும் கூசத் தொடங்கியபோது ஆங்கிலத்துக்குப் போனோம். சொல்லை மாற்றிக்கொண்டே இருப்பது, பொருளைப் பார்க்க மறுப்பதற்கு ஒரு வழி.

இனி ஊருக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே கடையநல்லூர் நகராட்சியில் தொண்ணூறாயிரம் பேர் இருந்தார்கள். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் குடிநீர் என்பது நம் நாட்டுத் திட்டக் கையேடுகள் கொள்ளும் அளவு. அதில் எண்பது விழுக்காடு கழிவுநீராக வெளியேறும் என்பதும் அவை கொள்ளும் கணக்குத்தான். பெருக்கிப் பார்த்தால் ஐம்பது லட்சம் லிட்டர் வருகிறது. ஐயாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஆயிரம், ஒவ்வொரு நாளும் ஊரைவிட்டு வரிசையாக வெளியேறுவதாக எண்ணிப் பாருங்கள். இது பழைய மக்கள்தொகையை வைத்துப் போட்ட குறைந்தபட்சக் கணக்கு. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறும் மின்மோட்டாரும் இருக்கிற ஊரில் எழுபது லிட்டரோடு யாரும் நிறுத்திக்கொள்வதில்லை.

நெசவால் வளர்ந்து, பிறகு கடல் கடந்த உழைப்பால் நிமிர்ந்த ஊர் இது. வளைகுடாவிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த பணம் தெருக்களின் முகத்தை மாற்றிவிட்டது. ஒற்றைத் தறி இருந்த இடத்தில் மூன்று மாடி வீடு. அறைக்கு ஒரு குளியலறை. வழவழக்கும் பளிங்குத் தரை. வெளியே வந்தால் அதே இரண்டடி வாறுகால். வீட்டுக்குள் ஒரு நூற்றாண்டும் வாசலில் இன்னொரு நூற்றாண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. இதற்குக் குடியிருப்பவர்களைக் குறைசொல்ல முடியாது. தன் உழைப்பால் எட்டக்கூடிய எல்லை வீட்டுச் சுவர் வரைக்கும்தான் என்பது அவர்களுக்குத் தெரியும். சுவருக்கு வெளியே உள்ளது ஊரார் கூடிச் செய்ய வேண்டிய காரியம்.

சுவருக்கு உள்ளேயும் எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்வதற்கில்லை. ‘செப்டிக் டேங்க்’ என்று நாம் அழைப்பவற்றில் கணிசமானவை அந்தப் பெயருக்கே உரியவை அல்ல. முறையான தொட்டி என்றால் நான்கு பக்கமும் அடியும் பூசப்பட்டிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு அறைகள் வேண்டும். முதல் அறையில் கசடு அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். காற்றில்லாத இருட்டில் நுண்ணுயிர்கள் கசட்டைத் தின்று கொஞ்சம் குறைக்கும். வெளியேறும் நீர் அப்போதும் சுத்தமானதல்ல. அது உறிஞ்சுகுழி வழியே மண்ணுக்குள் இறங்க வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசட்டை எடுக்கவும் வேண்டும். நம் கொத்தனார்கள் கட்டித்தருவது வேறொன்று. அடி பூசாத உறை இறக்கிய குழி ஒருவகை. மண் உறிஞ்சிக்கொள்வதால் அது நிரம்பவே நிரம்பாது. வீட்டுக்காரர் நல்ல தொட்டி என்று மெச்சிக்கொள்வார். அவருடைய கிணறும் பக்கத்து வீட்டுக் கிணறும் அந்தக் குழிக்கு இருபதடியில் இருக்கும். இன்னொரு வகை, ஒரே அறையாகப் பெரிதாகக் கட்டி, மேல்மட்டத்தில் ஒரு குழாய் பதித்து வாறுகாலில் விடுவது. அங்கே தொட்டி என்பது வெறும் இடைத்தங்கல்தான். பதினைந்து ஆண்டுகள் திறக்கப்படாத தொட்டிகள் மேல் வரவேற்பறை கட்டியிருப்பதை எந்த ஊரிலும் காணலாம்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் நகர்ப்புற வீடுகளில் குழாய்ச் சாக்கடையோடு இணைந்தவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே இது கடையநல்லூருக்கு மட்டும் உரிய கதை அல்ல. எனினும் மலையடிவாரத்து ஊருக்கென்று ஒரு தனிப் பொறுப்பு உண்டு. கருப்பாநதியும் அனுமன் நதியும் சிற்றாற்று வடிநிலத்தைச் சேர்ந்தவை. சிற்றாறு சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயலில் கடலை அடைகிறது. மேலேயிருக்கிற ஊர் துப்பினால் கீழேயிருக்கிற ஊர் குடிக்கும். சீவலப்பேரியிலிருந்துதான் கோவில்பட்டிக்குக் குடிநீர் போகிறது என்பதைக் கரிசல் இலக்கியத்தின் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மிகைப்படுத்திச் சொல்ல வேண்டியதில்லை. வறண்ட மாதங்களில் இங்கிருந்து புறப்படும் வாறுகால் நீர் ஒரு சொட்டுக்கூட அவ்வளவு தூரம் போகாது. வழியிலுள்ள ஓடைகளிலும் குளங்களிலும் தேங்கிவிடும். குளத்தை மூடிப் படர்கிற அமலைச் செடிதான் அதற்குச் சாட்சி. கழிவிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் தின்றுதான் அது அப்படிக் கொழுக்கிறது. பிறகு ஐப்பசியில் முதல் பெருமழை வரும்போது, மாதக்கணக்கில் தேங்கியது முழுவதையும் ஒரே வாரலில் வாரிக்கொண்டு ஆறு கீழே இறங்குகிறது. புதுவெள்ளம் என்று நாம் கொண்டாடுகிற நீரில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் 2012ஆம் ஆண்டைக் குறிப்பிடாமல் போக முடியாது. அந்த ஆண்டுக் கோடையில் நெல்லை மாவட்டத்தில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்று கடையநல்லூர் (தென்காசி தனி மாவட்டமானது 2019இல்தான்). உயிரிழப்புகள் நேர்ந்தன. அப்போது பொதுவாக எழுந்த குரல், சாக்கடைகளைத் தூர்வாராததால்தான் இந்த நோய் என்பது. கோபம் நியாயமானது, காரணம் தவறானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதை விரும்புவதில்லை. மூடாத தொட்டியில், குடத்தில், வீட்டுப் பின்புறம் கிடக்கும் சிரட்டையில் தேங்கிய தெளிந்த நீரே அதற்கு வேண்டும். சாக்கடையில் பெருகுவது யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ். குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராத ஊரில் மக்கள் கிடைக்கிற பாத்திரத்திலெல்லாம் பிடித்து வைக்கிறார்கள். அங்கே ஒரு கொசு வளர்கிறது. பிடித்து வைத்த நீர் பயன்பட்டபின் வாறுகாலில் தேங்குகிறது. அங்கே இன்னொரு கொசு வளர்கிறது. வரும் நீரின் ஒழுங்கின்மைக்கும் போகும் நீரின் ஒழுங்கின்மைக்கும் இடையில் வாழ்கிற மக்கள், இரண்டையும் ஒரே நகராட்சியின் ஒரே அலட்சியமாக உணர்ந்ததில் வியப்பில்லை. பூச்சியியல்தான் தவறியது.

கொசுவைப் பற்றிப் பேச நாளிதழ்கள் இருக்கின்றன. குழிக்குள் இறங்கும் மனிதனைப் பற்றிப் பேச இலக்கியம்தான் இருந்திருக்க வேண்டும். தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ 1947இல் மலையாளத்தில் வந்தது. சுந்தர ராமசாமி அதைத் தமிழில் தந்தார். ஆலப்புழை நகரத்தின் மலக்கூடைகளைச் சுமந்த மூன்று தலைமுறையின் கதை அது. அப்பனின் பெயர் இசக்கிமுத்து, மகனின் பெயர் சுடலைமுத்து. எந்தச் சீமையின் தெய்வங்கள் இவை என்று இந்தப் பக்கத்து வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்களிலிருந்து மலை தாண்டிப் போனவர்களின் வாழ்க்கையை ஒரு மலையாளி எழுதி, அதை மொழிபெயர்ப்பில் நாம் படிக்க வேண்டியிருந்தது. பெருமாள்முருகன் ‘பீக்கதைகள்’ என்று ஒரு தொகுப்புக்கே பெயர் வைத்தபோது முகம் சுளித்த வாசகர்களையும் நினைத்துக்கொள்கிறோம். 2017இல் திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் வந்தது. அதைத் திரையிடவே போராட வேண்டியிருந்தது.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரைச் சாக்கடையிலோ மலக்குழியிலோ இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. 1993 முதலான இத்தகைய மரணங்களைப் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குகளில் தமிழ்நாடே முதலிடத்தில் நின்றிருக்கிறது. பதினைந்து ஆண்டுகள் திறக்காத தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கியிருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். செறிவு கூடினால் அந்த நச்சு வாயு மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்குகிறவர் திரும்புவதில்லை. அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் திரும்புவதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை இயந்திரம் கொண்டு உறிஞ்சப்படும் தொட்டிக்குள் எவரும் இறங்க வேண்டிய தேவையே எழாது. நாம் பொறியியல் என்று ஒதுக்கி வைக்கிற விஷயத்துக்கும் ஓர் உயிருக்கும் இடையிலுள்ள தூரம் இவ்வளவுதான்.

கடையநல்லூரை நாம் தேர்ந்ததற்கு முதன்மையான காரணத்தை இனிமேல்தான் சொல்லப்போகிறோம். இவ்வூரின் இன்னொரு பாதி சிங்கப்பூரில் இருக்கிறது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே தொடங்கப்பட்டது 1941இல். அதற்கும் முன்பிருந்தே இவ்வூர்க் குடும்பங்கள் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் போய் இறங்கிய சிங்கப்பூர், இன்று விளம்பரங்களில் காணும் சிங்கப்பூர் அல்ல. வாளியில் மலம் அள்ளும் முறை அந்த நகரத்தில் 1987இல்தான் முற்றிலும் ஒழிந்தது. சிங்கப்பூர் ஆறு திறந்த சாக்கடையாக நாறிக் கிடந்தது. அதைச் சுத்தப்படுத்தும் வேலை 1977இல் தொடங்கிப் பத்தாண்டுகள் நடந்தது. 2003இல் அங்கே பயன்படுத்திய நீரை மீண்டும் சுத்திகரித்து ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் வழங்கும் நிலையங்கள் திறக்கப்பட்டன. நுண்சவ்வு வடிகட்டல், எதிர்ச்சவ்வூடு பரவல், புறஊதாக் கதிர் என்று மூன்று படிகளைத் தாண்டும் அந்த நீர் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஒரு பகுதி நீர்த்தேக்கங்களில் கலந்து குடிநீராகவும் திரும்புகிறது.

அந்த இயந்திரங்களைக் காட்டிலும் நமக்கு முக்கியமாகப் படுவது ஒரு சொல் மாற்றம். அந்நாட்டின் பொதுப் பயனீட்டுக் கழகம் ‘கழிவுநீர்’ என்ற சொல்லைக் கைவிட்டுவிட்டு ‘பயன்படுத்திய நீர்’ என்றே ஆவணங்களில் எழுதத் தொடங்கியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் நீர் மீட்பு நிலையங்களாயின. சொல்லை மாற்றுவதைச் சற்றுமுன் நாமே கிண்டல் செய்தோம். ஆனால் இங்கே சொல் மாறியதோடு வேலையும் நடந்தது. சொல் வேலைக்குத் துணை நின்றது. நம் வாறுகாலுக்குள் ஏற்கெனவே அப்படியொரு மதிப்பு இருந்ததே என்ற ஆதங்கம்தான் நமக்கு. பாட்டனார் காலத்து வாளியையும் பேரன் காலத்து நியூவாட்டரையும் ஒரே நகரத்தில் பார்த்த குடும்பங்கள் கடையநல்லூரின் தெருக்களில் இருக்கின்றன. துபாயிலும் அபுதாபியிலும் சாலையோரப் புல்லும் பேரீச்சையும் சுத்திகரித்த கழிவுநீரில்தான் பச்சையாக நிற்கின்றன என்பதை அங்கே உழைத்துத் திரும்பியவர்கள் நேரில் அறிவார்கள். இந்த அறிவு ஊருக்குப் பணமாக வந்தது, வீடாக வந்தது. நகர்மன்றத்துக்குள் ஒரு கேள்வியாக மட்டும் வந்து சேரவில்லை.

சிங்கப்பூரை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்தத் தீவுக்கு வேறு தண்ணீர் இல்லை, நிறையப் பணம் இருந்தது. கடையநல்லூருக்கு நிலைமை தலைகீழ். நம் ஊர்களில் இந்தப் பேச்சை எடுத்தாலே ‘பாதாளச் சாக்கடைத் திட்டம் வரட்டும்’ என்ற ஒரே பதில் கிடைக்கும். நம் கருத்தில் இந்தப் பதில்தான் பெரிய தடை. பாதாளச் சாக்கடை நல்லதுதான். ஆனால் அது வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், சந்துகளைத் தோண்ட வேண்டும், நீரேற்று நிலையங்களுக்கு மின்சாரம் வேண்டும், ஒவ்வொரு வீடும் இணைப்புக்குப் பணம் கட்ட வேண்டும். குழாய் பதித்தும் பாதி வீடுகள் இணையாமல் கிடக்கும் நகரங்களைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. அது வரும்வரை என்ன செய்வது என்ற கேள்விக்கு 2014இலேயே தமிழக அரசு கழிவுநீர்த் தொட்டிக் கசடு மேலாண்மைக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டுப் பதில் சொல்லிவிட்டது. தொட்டிகளை முறையாகக் கட்டுவது, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை உறிஞ்சுவது, உறிஞ்சும் லாரிகளுக்கு உரிமம் வழங்குவது, அந்த லாரி எங்கே கொட்டலாம் என்று இடம் குறிப்பது ஆகியவை அதன் சாரம்.

இந்த வழியில் முதல் நிலையம் 2017இல் கருங்குழிப் பேரூராட்சியில் (இன்றைய செங்கல்பட்டு மாவட்டம்) செயல்படத் தொடங்கியது. நாளொன்றுக்கு 23 ஆயிரம் லிட்டர் கசட்டை வாங்கிக்கொள்ளும் அளவில் அமைக்கப்பட்டது. லாரி கொண்டுவரும் கசடு உலர் படுகைகளில் பரப்பப்பட்டு வெயிலில் காய்கிறது. வடியும் நீர் தனியாகச் சுத்திகரிக்கப்படுகிறது. அவசரப்பட்டு எடுக்கக் கூடாது. குடற்புழுக்களின் முட்டைகள் மிக அழுத்தமானவை, நன்கு காய்ந்தபிறகே சாகும். காய்ந்ததை உரத்தோடு சேர்க்கலாம். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். நிலமும் வெயிலும் பொறுப்பான இரண்டு பேரும் வேண்டும். வாறுகாலில் ஓடும் நீருக்கும் அதிகம் மின்சாரம் கேட்காத முறைகள் உண்டு. புதுச்சேரி அருகே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை தன் கழிவுநீரைக் கூழாங்கல் படுகையிலும் அதில் வளரும் செடிகளின் வேரிலும் குட்டையிலும் செலுத்தித் தெளிய வைத்துத் தோட்டத்துக்கு விடுகிறது. குளமும் காலும் கட்டி வாழ்ந்த நிலத்துக்கு இந்த நுட்பம் அந்நியமானதாகவே படவில்லை. வாறுகால் ஊர் எல்லையைத் தாண்டுகிற இரண்டு மூன்று இடங்களில் இப்படிப் படுகைகள் அமைத்தால், குளத்துக்குள் நுழையும் நீர் இன்றைக்கு நுழைவதைப்போல இருக்காது. ஐம்பது லட்சம் லிட்டரும் ஒரே நாளில் தெளிந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. தொடங்குவதற்கு இது போதும்.

எங்கே அமைப்பது என்பதில்தான் சிக்கல் வரும். நிலையம் வேண்டும், எங்கள் தெருவில் வேண்டாம் என்பார்கள் எல்லோரும். முடிவில் யார் குரலுக்கு வலுவில்லையோ அவர்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கும். குப்பைக் கிடங்குகளுக்கும் சுடுகாடுகளுக்கும் நம் ஊர்கள் இடம் தேர்ந்த முறை இதுதான். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் லண்டன் நாடாளுமன்றத்தின் சன்னல் வழியாகவே உள்ளே வந்தபோதுதான், ஆண்டுக்கணக்காகத் தள்ளிப்போடப்பட்ட சாக்கடைத் திட்டத்துக்கான சட்டம் மூன்று வாரத்துக்குள் நிறைவேறியது. முடிவெடுப்பவர்களின் மூக்குக்கு எட்டாத இடத்தில் நிலையத்தை வைத்தால் அது பராமரிக்கப்படாது என்பதே இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது. ஒழுங்காக நடக்கும் நிலையம் நாறாது. நாறவில்லை என்று நகராட்சி சொல்லுமானால், நகராட்சி அலுவலகத்துக்கு அருகிலேயே ஓர் இடம் பார்ப்பதில் தடை என்ன இருக்கப்போகிறது?

எழுதுபவர்களால் இதில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நம் ஆற்றங்கரையிலேயே ஒரு விடை இருக்கிறது. தாமிரபரணியில் சாக்கடை கலப்பதைத் தடுக்கவும் அதன் படித்துறைகளையும் மண்டபங்களையும் மீட்கவும் 2018இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்தவர் எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2024 நவம்பரில் நீதிபதிகளே நெல்லைக்கு வந்து ஆற்றங்கரையில் நடந்து, சாக்கடை ஆற்றில் இறங்கும் இடங்களைப் பார்த்தார்கள். ஆற்றைப் பற்றி நூல் எழுதியவர் அந்த ஆற்றுக்காக மனுவும் எழுதினார். குற்றாலத்திலும் இதுபோல் நடந்திருக்கிறது: அருவியில் சோப்பும் ஷாம்பும் எண்ணெயும் கூடாது என்று அதே நீதிமன்றம் 2014இல் தடை விதித்தது. தாமிரபரணிக்கும் குற்றாலத்துக்கும் புகழ் இருக்கிறது. வழக்காட ஆள் கிடைக்கிறது. கருப்பாநதிக்கும் அதன் கால்களுக்கும் அப்படி யாரும் இல்லை. அவற்றைப் பற்றி இரண்டு நல்ல கட்டுரைகள்கூட நம்மிடம் கிடையாது.

நகராட்சியிடம் இப்போது கேட்கக்கூடியவை மூன்று. ஊரில் எத்தனை தொட்டிகள், அவற்றில் எத்தனைக்கு அடி பூசியிருக்கிறது என்று தெருவாரியாக ஒரு கணக்கு. கசடு உறிஞ்சும் லாரிகள் எத்தனை, அவை எங்கே கொட்டுகின்றன என்று அலுவலக வாசலில் ஒட்டப்படும் ஒரு தாள். இவற்றுக்குச் செலவு அதிகமில்லை. மூன்றாவது, கருங்குழிக்கு ஒரு பயணம். பொதிகை விரைவு வண்டி மாலையில் கடையநல்லூரில் நின்று போகிறது. விடியற்காலையில் கருங்குழி வழியாகத்தான் செங்கல்பட்டை அடைகிறது. நகர்மன்ற உறுப்பினர்கள் செங்கல்பட்டில் இறங்கி ஒரு பேருந்து பிடித்தால் படுகைகளை நின்று பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு, அன்றிரவு அதே வண்டியில் ஊர் திரும்பிவிடலாம்.